டிடிடி: ஓர் எண்ணின் பாடபேதங்கள்

1

2001-ஆம் ஆண்டு அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை வெளியிட்ட ஓர் அறிக்கையைக் கொஞ்ச நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் ஜேம்ஸ் பொன்டொலில்லோ, ராபர்ட் எகன்ஹவுஸ். டிடிடி என்ற பூச்சிமருந்தும், அது சிதைந்து உண்டாகும் டிடிஈயும் தண்ணீரில் எவ்வளவு கரையும், கொழுப்பில் எவ்வளவு சேரும் என்ற இரண்டு எண்களைத் தேடிப் போன கதை அது. 1944 முதல் 2001 வரை வெளியான ஏறக்குறைய 700 பிரசுரங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த எண் எங்கிருந்து வந்தது, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று இருவரும் ஒவ்வொன்றாகத் தடம் பிடித்துப் போயிருக்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இது பழக்கமான வேலைதான். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்ததும், கிடைத்தவற்றை ஒப்பிட்டு 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியதும் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்த கதை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். பெயர்த்து எழுதியவர் கண் ஒரு வரியைத் தாண்டியிருக்கும். அடுத்தவர் அந்தப் பிழையையே மூலம் என்று நம்பிப் பெயர்த்திருப்பார். அதனால்தான் நல்ல பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகும் மற்ற ஏடுகளில் என்ன இருந்தது என்பதை அடிக்குறிப்பில் விட்டுவைக்கிறார். பொன்டொலில்லோவும் எகன்ஹவுஸும் செய்தது இதே வேலை. ஓலைக்குப் பதில் ஆய்வுக் கட்டுரை, பாட்டுக்குப் பதில் ஓர் எண்.

ஆகவே இதை ஒரு விமர்சன நூலாகவே எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். நல்ல விமர்சன நூலுக்கு உரிய பலம் அதில் இருக்கிறது. கறாரான விமர்சகர்களுக்கு வருகிற ஒரு பலவீனமும் இருக்கிறது. இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இந்த எண்களோடு எங்கள் மாவட்டத்துக்கு நேரடியான கொடுக்கல் வாங்கல் உண்டு. நான் இருப்பது மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில். சுற்றிலும் நெல்லும் கரும்பும், பண்ருட்டி தாண்டினால் முந்திரி, தென்மேற்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, கடல் பக்கம் போனால் கடலூர் சிப்காட். எங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் என்ன இருக்கிறது, அது எங்கே போகும் என்று யாராவது கணக்குப் போட்டால், அந்தக் கணக்குக்குள் போய் உட்காரப்போவது இப்படிப்பட்ட எண்கள்தான்.

2

முதலில் அந்த எண் என்ன என்று பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், வேதியியல் கொஞ்சம்தான்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர். அதன்மேல் ஆக்டனால் என்கிற எண்ணெய் மாதிரியான திரவம். இரண்டும் கலக்காது. அதில் கொஞ்சம் டிடிடியைப் போட்டு விட்டால், அது இரண்டிலுமாகப் பிரிந்து தங்கும். ஆக்டனாலில் உள்ள செறிவைத் தண்ணீரில் உள்ள செறிவால் வகுத்தால் கிடைப்பது ஆக்டனால்–நீர் பங்கீட்டு எண். ஆக்டனால் இங்கே உயிர்களின் கொழுப்புக்குப் பதிலாள்: மீனின் கொழுப்பு, மாட்டுப்பாலின் கொழுப்பு, தாய்ப்பாலின் கொழுப்பு. எண் மிகப் பெரிதாக வருவதால் அதன் மடக்கையை எழுதுவது வழக்கம். மடக்கை 6 என்றால், தண்ணீரில் ஒரு பங்கு இருக்கும்போது ஆக்டனாலில் பத்து லட்சம் பங்கு இருக்கிறது என்று அர்த்தம்.

டிடிடிக்கு அந்த மடக்கை எவ்வளவு? ஒரு கையேட்டில் 6.19 இருக்கும். இன்னொன்றில் 6.91 இருக்கும். பார்த்தால் ஏடெழுதியவர் கை புரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது போலவே தோன்றும். இல்லை, இரண்டும் தனித்தனி வழியில் வந்த எண்கள். ‘முக்கால் வித்தியாசம்தானே, போகட்டும்’ என்று சொல்லிவிட முடியாது. மடக்கையை அவிழ்த்துப் பாருங்கள்: ஒன்று ஏறக்குறைய பதினைந்தரை லட்சம், மற்றது எண்பத்தொரு லட்சம். ஐந்து மடங்குக்கும் மேல்.

இந்த எண் அட்டவணையிலேயே தூங்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதிலிருந்துதான் அடுத்த எண்கள் பிறக்கின்றன. 1979-இல் கில்மன் வீத்தும் சகாக்களும் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். பங்கீட்டு எண்ணின் மடக்கையை 0.85-ஆல் பெருக்கி 0.70-ஐக் கழித்தால், மீனின் உடலில் அந்தப் பொருள் தண்ணீரைவிட எத்தனை மடங்கு சேரும் என்பதன் மடக்கை கிடைக்கும். 6.19-ஐப் போட்டால் ஏறக்குறைய 36 ஆயிரம் மடங்கு. 6.91-ஐப் போட்டால் ஒன்றரை லட்சம் மடங்கு. அதே ஆறு, அதே மீன். எந்தக் கையேட்டைப் பிரித்தோம் என்பது மட்டும்தான் மாறியது. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தச் சூத்திரமே அந்தக் காலத்தில் கிடைத்த பங்கீட்டு எண்களை வைத்து உருவானதுதான். அளவுகோல் செய்த மரமும் அளக்கப்படும் மரமும் ஒரே தோப்பு.

இதையே பெரிதாக்கினால் முழுச் சூழலுக்குமான மாடல் வருகிறது. கனடாவின் டொனால்ட் மக்கே 1979-இல் ‘ஃபியூகாசிட்டி’ என்ற பழைய வெப்ப இயக்கவியல் கருத்தைச் சூழலியலுக்குக் கொண்டுவந்தார். ஒரு பொருளுக்குத் தான் இருக்கும் இடத்திலிருந்து தப்பி ஓடும் போக்கு எவ்வளவு என்பதுதான் ஃபியூகாசிட்டி. மண், நீர், காற்று, வண்டல், மீன் எல்லாவற்றையும் அறைகளாகப் பாவித்து, எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு டிடிடி தப்பும் என்று கணக்கிடலாம். அழகான யோசனை. என்னைக் கேட்டால், சுற்றுச்சூழல் அறிவியலில் கவித்துவமான சிந்தனைகளில் ஒன்று. ஆனால் ஒவ்வோர் அறையின் கதவும் எவ்வளவு அகலம் என்பதை முடிவு செய்வது கரைதிறன், ஆவியழுத்தம், பங்கீட்டு எண் ஆகிய மூன்றும்தான். கதவின் அளவே சந்தேகம் என்றால் வீட்டுக்குள் யார் எங்கே இருப்பார்கள் என்பதும் சந்தேகம்தான்.

3

அறிக்கையின் பலம் அது கண்டுபிடித்த பிழைகளின் எண்ணிக்கையில் இல்லை. பிழை எப்படிப் பரம்பரையாகிறது என்று காட்டிய விதத்தில் இருக்கிறது.

டிடிடி தண்ணீரில் எவ்வளவு கரையும்? லிட்டருக்கு 1.2 மைக்ரோகிராம் என்று ஒரு கட்டுரை. 5.5 என்று ஒன்று. 25 என்று ஒன்று. அளந்தவர்களிடமிருந்தே நேரடியாக வந்த மூல எண்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், டிடிடிக்கும் டிடிஈக்கும் உரிய மதிப்புகள் நூறு மடங்கிலிருந்து பத்தாயிரம் மடங்கு வரை வேறுபடுவதாக இருவரும் காட்டுகிறார்கள். சரி, ஆரம்பக் காலத்தில் கருவிகள் மோசம், பிறகு சரியாகியிருக்கும் என்று நினைப்போம். ஐம்பது ஆண்டுகளில் அந்த நிச்சயமின்மை குறைந்ததற்கான அடையாளம் அதிகமில்லை என்பது அவர்களுடைய முடிவு.

அளவீடு குறையாமல் இருந்தது ஒரு பக்கம். பெயர்த்தெழுதுவது பெருகியது இன்னொரு பக்கம். அறிவியலில் தொகுப்பு நூல்கள், கையேடுகள் என்று ஒரு வகை உண்டு. நாம் கட்டுரை எழுதும்போது அகராதியைப் பிரிப்பது மாதிரி, மாடல் போடுபவர் கையேட்டைப் பிரிப்பார். அந்தக் கையேடு இன்னொரு கையேட்டிலிருந்து எடுத்திருக்கும். அது ஒரு கட்டுரையிலிருந்து. அந்தக் கட்டுரையைத் தேடிப் போனால் அங்கே அளவீடே இருக்காது, ‘இன்னார் சொன்னது’ என்று இன்னொரு கட்டுரை இருக்கும். வழியில் ஒரு தசமப் புள்ளி நகர்ந்திருக்கும், ஆசிரியர் பெயர் மாறியிருக்கும், கணக்குப் போட்டு ஊகித்த எண் ‘அளந்தது’ என்று வேடம் மாறியிருக்கும். 1994 முதல் 1997 வரை வெளியான தொகுப்புகளில், சொல்லப்பட்ட தரவுகளில் 6 முதல் 26 சதவீதம்தான் மூலத் தரவு. மற்றதெல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது.

இங்கே ஒரு நுட்பமான ஏமாற்றம் நடக்கிறது. ஒரே எண் பத்து நூல்களில் இருந்தால், பத்துப் பேர் சரிபார்த்திருக்கிறார்கள் என்று வாசகர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் ஒருவர் அளந்தார், ஒன்பது பேர் பெயர்த்தார்கள். ஏட்டுச் சுவடியில் இதைப் புரிந்துகொண்டவர்கள் நாம். ஒரே தாய் ஏட்டிலிருந்து பெயர்த்த பத்துப் பிரதிகள் பத்துச் சாட்சிகள் ஆகாது, ஒரே சாட்சிதான். எண்களின் உலகத்தில் இதைச் சொல்வதற்கு 2001 வரை யாராவது உட்கார வேண்டியிருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

அப்புறம் இருவரும் ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டு தரம் பார்க்கிறார்கள். எந்த முறையில் அளந்தாய், பொருள் எவ்வளவு தூய்மை, எந்த வெப்பநிலை, எத்தனை தடவை, பிழை எல்லை என்ன என்ற கேள்விகள். பிழை எல்லையைச் சொன்னவர்கள் கரைதிறனில் 20 சதவீதம், பங்கீட்டு எண்ணில் 10 சதவீதம். மொத்தத்தில் 95 முதல் 100 சதவீதம் வரையான இலக்கியம் மோசமானது அல்லது மதிப்பிடவே முடியாதது. இதை அவர்கள் கோபமாகச் சொல்வதில்லை. அட்டவணைக்கு மேல் அட்டவணையாக அடுக்கிவிட்டுப் போகிறார்கள். வாசிக்கிறவருக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

4

அளப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விஞ்ஞானிகள் எல்லோரும் சோம்பேறிகள் என்று தோன்றிவிடும்.

டிடிடி தண்ணீரை வெறுக்கும் பொருள். தண்ணீரில் போட்டால் கரைவதைவிடக் கண்ணாடிக் குடுவையின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத துகளாக மிதந்துகொண்டிருப்பதையும் ‘கரைந்தது’ என்று கணக்கில் சேர்த்துவிடலாம். பங்கீட்டு எண்ணில் இன்னொரு தொல்லை. பழைய முறையில் குடுவையை நன்றாகக் குலுக்குவார்கள். குலுக்கினால் ஆக்டனாலின் நுண்துளிகள் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு நிற்கும். அந்தத் துளிகளுக்குள் டிடிடி நிறைந்திருக்கும். அந்தத் தண்ணீரை எடுத்து அளந்தால், தண்ணீரில் நிறைய இருப்பது போலக் காட்டும், பங்கீட்டு எண் நிஜத்தைவிடக் குறைந்து வரும். தயிர் கடைந்த மோரில் வெண்ணெய்த் துணுக்கு மிதக்கிற மாதிரிதான். மோரில் கொழுப்பு எவ்வளவு என்று கேட்டால் அந்தத் துணுக்கையும் சேர்த்துச் சொல்வதா?

இதற்குத் தீர்வாக வந்தது மெதுவாகக் கலக்கும் முறை. சுழல் உண்டாகாத அளவுக்கு நாள் கணக்கில் நிதானமாகக் கிளறிக்கொண்டிருப்பது. 1989-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த டி பிரூய்ன் குழு இதை வைத்து அளந்த எண்கள்தான் 6.91 பக்கம் வந்தவை. ஓஇசிடி அமைப்பு இந்த முறையை அதிகாரபூர்வ வழிகாட்டியாக ஏற்றது 2006-இல். ஆக, நல்ல முறை வந்த பிறகும் பழைய எண்கள் கையேடுகளில் வாழ்ந்துகொண்டுதான் இருந்தன. அச்சில் ஏறிய பாடத்தை இறக்குவது சுலபமா என்ன?

5

இப்போது எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன்.

பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. எண்பதுகளின் இறுதியில் அங்கிருந்த ஏ.என்.சுப்ரமணியன், ஏ.ரமேஷ் முதலியோரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஷின்சுகே தனபே, ரியோ தத்சுகாவா முதலியோரும் சேர்ந்து, வெள்ளாற்றுப் படுகையில் பூச்சிமருந்துகள் எங்கே போகின்றன என்று பார்த்தார்கள். முக்கியமாகப் பார்த்தது எச்.சி.எச். நம் ஊர்க் கடைகளில் பி.எச்.சி. என்று விற்றது. எறும்புக்குத் தூவுகிற கமாக்சின் பொடியை ஞாபகம் இருப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. டிடிடியின் பங்காளி: அதே காலம், அதே பிடிவாதம், ஆனால் டிடிடியைவிட வேகமாக ஆவியாகக்கூடியது.

வயலில், ஆற்றில், காற்றில், வண்டலில் எல்லாம் மாதிரி எடுத்துக் கணக்கும் போட்டு 1991-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: வயலில் போட்ட எச்.சி.எச்.-இல் 99.6 சதவீதம் காற்றுக்குப் போய்விடுகிறது. கழிமுகத்துக்கு வருவது 0.4 சதவீதம். அதிலும் பெரும்பகுதி மறுபடி காற்றுக்கு. கடலுக்குப் போய்ச் சேர்வது 0.1 சதவீதம்.

இதை முதலில் வாசித்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வயலில் போட்ட மருந்து வாய்க்காலில் போகும், ஆற்றில் போகும், கடலில் போகும் என்றுதான் நாமெல்லாம் மனதுக்குள் ஒரு படம் வைத்திருக்கிறோம். நம் சூழலியல் கவிதைகளும் நதியைத்தான் அழவைக்கின்றன. ஆனால் இங்கே மருந்து மேலே போயிருக்கிறது. வெப்பமண்டலத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் இறங்கி, மறுபடி ஆவியாகி, வெட்டுக்கிளி மாதிரித் தத்தித் தத்தி வடதுருவம் வரை போகும் வகையைச் சேர்ந்தது எச்.சி.எச். ஆர்க்டிக் கடலில் அது நிறையவே அளக்கப்பட்டிருக்கிறது. கடலூர் மாவட்டத்து நெல் வயலுக்கும் பனிக்கரடிக்கும் உறவு உண்டு என்று சொன்னால் அது உருவகம் கிடையாது.

அறிக்கையின் கேள்வியை இங்கே கொண்டுவந்து வையுங்கள். கையேடுகளில் உள்ள எண்கள் பெரும்பாலும் 25 டிகிரிக்கு, அதற்கும் குறைவாக 20 டிகிரிக்கு. கோடையில் பம்புசெட் தண்ணீர் நிற்கும் எங்கள் வயலில் நண்பகல் வெப்பம் 35-ஐத் தாண்டும். இந்த வகைப் பொருட்களின் ஆவியழுத்தம் பத்து டிகிரி ஏறினால் மூன்று மடங்கு ஆகிவிடும். தண்ணீரிலிருந்து காற்றுக்குத் தப்பும் போக்கு இரண்டு மடங்கு போல. ஆகவே குளிர்நாட்டு ஆய்வகத்தில் அளந்து, நாலு கை மாறி வந்த எண்ணை அப்படியே எடுத்து நம் வயலுக்குப் போட்டால், மருந்து மண்ணிலேயே தங்கும் என்று மாடல் சொல்லும். பரங்கிப்பேட்டைக் காற்று வேறு சொல்லும்.

அதே குழுவினர் 1990-இல் தென்னிந்தியத் தாய்ப்பாலில் டிடிடியும் எச்.சி.எச்.-உம் இருப்பதை வெளியிட்டார்கள். அங்கே பங்கீட்டு எண் தேவைப்படவில்லை. ஆக்டனால் என்கிற பதிலாளும் தேவைப்படவில்லை. தாய்மார்களின் பாலையே அளந்துவிட்டார்கள். விவசாயத்தில் டிடிடிக்கு இந்தியா தடை போட்டது 1989-இல். எச்.சி.எச்.-ஐ முழுதாக நிறுத்தியது 1997-இல். கொசு ஒழிப்புக்கு டிடிடி அதன் பிறகும் தொடர்ந்தது.

6

அறிக்கையின் பலவீனத்துக்கு வருகிறேன். பொன்டொலில்லோவும் எகன்ஹவுஸும் ஒரு பெரிய தீர்ப்பு எழுதுகிறார்கள்: இப்போதைய நிலையில் இந்த எண்களை வைத்துச் சூழல் ஆபத்தை மதிப்பிடுவது உசிதம் அல்ல, தவறான முடிவுக்குத்தான் கொண்டுபோகும். தர்க்கப்படி சரி. ஆனால் இந்த வாக்கியம் யார் கைக்குப் போகும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். நீண்டகாலம் சிதையாத கரிம மாசுகளைத் தடுக்க உலக நாடுகள் செய்துகொண்டது. இந்தியா 2006-இல் ஏற்றது. ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்க அதில் சில எல்லைக்கோடுகள் உண்டு. உயிரினங்களில் 5,000 மடங்குக்கு மேல் சேர வேண்டும். அந்தத் தரவு இல்லாவிட்டால் பங்கீட்டு எண்ணின் மடக்கை 5-க்கு மேல் இருக்க வேண்டும். எண்டோசல்பான் விஷயத்தில் என்ன ஆகும் பாருங்கள். கையேடுகளில் அதன் மடக்கை 4-க்குக் கீழேயும் இருக்கிறது, 5-ஐ ஒட்டியும் இருக்கிறது. கோட்டின் மேலேயா கீழேயா? எந்த ஏட்டைப் பிரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மருந்தை விற்க வேண்டியவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? ‘தரவு நிச்சயமாகட்டும், அதுவரை விற்கிறோம்’ என்று சொல்லிவிடலாம். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்த ஆண்டுகளை நினைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை வாசித்தால், ‘அதுவரை’ என்ற சொல்லின் நீளம் தெரியும். முந்திரி விளையும் பண்ருட்டியின் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எண்டோசல்பான் கடைசியில் 2011 ஏப்ரலில் ஜெனீவாவில், விலக்குகளோடு, பட்டியலில் ஏறியது. இந்தியா முன்பு எதிர்த்துவிட்டு விலக்குகளுக்குப் பிறகு இணங்கியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஏறியதற்குக் காரணம் அந்தப் பங்கீட்டு எண்ணுக்கு ஒருவழியாகத் தீர்ப்பு கிடைத்தது என்பதல்ல. உடன்படிக்கை இன்னொரு கதவையும் திறந்து வைத்திருந்தது: உயிர்களில் நேரடியாக அளந்து காட்டினாலும் போதும். தவிர, 2007-இல் பேரி கெல்லியும் ஃபிராங்க் கோபாஸும் சகாக்களும் எல்லைக்கோட்டையே கேள்வி கேட்டிருந்தார்கள். 5 என்ற கோடு மீனுக்கு வரைந்தது. மீன் செவுள் வழியாகத் தண்ணீரில் கொஞ்சம் கழித்துவிடும். காற்றைச் சுவாசிக்கும் உயிருக்கு அந்த வசதி கிடையாது. ஆக்டனாலிலிருந்து காற்றுக்குத் தப்ப மறுக்கும் பொருள் என்றால், மடக்கை 5-க்கு வெகு கீழே இருந்தாலும் நம் உடலில் சேர்ந்துகொண்டே போகும். எண்டோசல்பான் அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று. ஆக எண் மட்டும் ஆடவில்லை, எண்ணை எதோடு ஒப்பிடுகிறோம் என்ற கோடும் ஆடியது.

இதனால்தான் அறிக்கையின் கறார் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆவணம் இல்லாத எண் பொய்யான எண் என்று ஆகாது. எழுதி வைக்காதவர் சரியாகவே அளந்திருக்கலாம். உ.வே.சா. எல்லா ஏடும் சிதிலம், ஆகவே பதிப்பிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நமக்குப் புறநானூறு கிடைத்திருக்காது. அவர் பாடத்தைத் தேர்ந்தார், பிரதிபேதத்தையும் காட்டினார். தேர்வதும் சந்தேகத்தைக் காட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதி. அறிக்கை ஒரு பாதியோடு நின்றுவிடுகிறது.

மறுபாதியை வேறு சிலர் செய்தார்கள். 2005-இல் லி ஷென், ஃபிராங்க் வானியா இருவரும் ஆர்கனோகுளோரின் பூச்சிமருந்துகளுக்கு அதைச் செய்து பார்த்தார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட நூல் எளிமையானது. காற்று–நீர், ஆக்டனால்–நீர், ஆக்டனால்–காற்று என்று மூன்று பங்கீடுகள் உண்டு. இதில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எங்கேயோ பிழை. எதுகை தட்டினால் பாடத்தில் பிழை என்று பதிப்பாசிரியர் கண்டுபிடிப்பது மாதிரிதான். ஒவ்வோர் எண்ணின் நம்பகத்துக்கும் ஏற்ப எடை கொடுத்து, மூன்றும் ஒத்துப்போகும்படி எல்லாவற்றையும் சற்றுச் சற்று நகர்த்தி, ஒரு தொகுப்பைத் தந்தார்கள். வெப்பநிலையோடு எண் எப்படி மாறும் என்பதற்கும் வழி சொன்னார்கள். எங்கள் வயலுக்கு அதுதான் முக்கியம். இதுவும் இறுதிப் பாடம் இல்லை. ஆனால் ஏன் இந்தப் பாடம் என்று கேட்டால் பதில் இருக்கிறது.

7

என் வாசிப்பில் இந்த மொத்த விவகாரத்திலிருந்து மிஞ்சுவது இதுதான். நிச்சயமின்மை அவமானமில்லை. அதை வழியில் உதிர்த்துவிடுவதுதான் தப்பு. அளந்தவர் ‘இவ்வளவு, இதில் இவ்வளவு கூடலாம் குறையலாம்’ என்று எழுதியிருப்பார். முதல் தொகுப்பில் அந்த ‘கூடலாம் குறையலாம்’ காணாமல் போகும். இரண்டாவதில் வெப்பநிலை போகும். மூன்றாவதில் அளந்தவர் பெயர் போகும். கடைசியில் அரசு அலுவலகத்து மேஜைக்கு வரும்போது இரண்டு தசம இடத்தோடு ஓர் எண், கல்வெட்டு மாதிரி. தசம இடம் கூடக்கூட நம்பிக்கை கூடுகிறது. நியாயமாகப் பார்த்தால் குறைய வேண்டும்.

நிச்சயமின்மையோடு வரும் எண்ணை வைத்துக்கொண்டே முடிவெடுக்க முடியும். எண் 36 ஆயிரமோ ஒன்றரை லட்சமோ, டிடிடி மீனில் சேருமா என்ற கேள்விக்கு இரண்டுமே ஆமாம் என்றுதான் சொல்கின்றன. உடன்படிக்கையின் 5,000 கோட்டை இரண்டுமே எப்போதோ தாண்டிவிட்டன. வீச்சு முழுக்கக் கோட்டுக்கு மேலே இருந்தால், வீச்சு பெரிது என்பதற்காகக் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. எண்டோசல்பான் போலக் கோடு வீச்சுக்கு நடுவில் ஓடினால், அங்கேதான் அளக்கப் போக வேண்டும், பரங்கிப்பேட்டைக்காரர்கள் போன மாதிரி. எந்த இடத்தில் சந்தேகம் முடிவை மாற்றும், எந்த இடத்தில் மாற்றாது என்று பிரித்துக் காட்டுவதுதான் விமர்சனம். அந்தப் பிரிப்பு அறிக்கையில் இருந்திருந்தால், அதன் கறாரை யாரும் சாக்காகப் பிடித்துக்கொள்ள முடியாமல் போயிருக்கும்.

இது டிடிடியோடு முடிகிற விஷயமும் இல்லை. நெய்வேலிப் பக்கம் பார்த்தால், அங்கே எரியும் பழுப்பு நிலக்கரியில் பாதரசம் உண்டு. பாதரசம் கரிமச் சேர்மம் இல்லை, ஆனால் சிதையாதது, ஊர் தாண்டிப் போகக்கூடியது. 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. ஓர் அனல்மின் நிலையத்திலிருந்து பாதரசம் எவ்வளவு போகிறது என்பதைப் பொதுவாகக் கணக்கிடும் முறை சுலபம்: எரித்த கரி எத்தனை டன், ஒரு டன்னில் பாதரசம் எவ்வளவு, வடிகட்டிகளில் தங்காமல் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது. மூன்றையும் பெருக்க வேண்டியதுதான். முதலாவது எண் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். மற்ற இரண்டும் எந்தச் சுரங்கத்துக் கரியில், எந்தப் புகைபோக்கியில், யார், எப்போது அளந்தது? அந்தக் கரியிலேயே அளந்ததா, வேறு நாட்டுக் கரிக்கு யாரோ போட்ட சராசரியா? இதைக் கேட்க வேதியியல் பட்டம் தேவையில்லை.

இந்த இதழை வாசிப்பவர்களில் பலர் கவிதைக்கு மூலபாடம் தேடுகிறவர்கள். மொழிபெயர்ப்பு எந்த மொழி வழியாக வந்தது என்று விசாரிக்கிறவர்கள். ஒரு மேற்கோள் பொய்யாகப் பரவினால் ஆதாரம் எங்கே என்று சண்டை போடுகிறவர்கள். அதே புத்தியை எண்களிடமும் காட்டலாம். ஊருக்குப் புதிதாக ஓர் ஆலை வருகிறது, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை என்று இருநூறு பக்கம் வைக்கிறார்கள், கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கிறது என்றால், எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்கலாம்: ஐயா, இந்தப் பக்கத்தில் இருக்கிற இந்த எண், எந்த ஏட்டிலிருந்து எடுத்தது? பதில் வராவிட்டால், அதையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும்.